மாமியார் கிட்னி

சலவைக் கடையின் பின்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு சாய்வு மேசை. மேசைக்கு மேலே, கொக்கு மாதிரி கழுத்தை வளைத்துக்கொண்டு ஒரு விளக்கு. ஓட்டல் பெட்ஷீட்டுகளும் ஆபீஸ்காரர்களின் சட்டைகளும் இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னால் இந்த விளக்கின் அடியில் படுத்து எழுந்தாக வேண்டும். காபியா, மையா, துருவா, உதட்டுச் சாயமா, எத்தனை நாள் பழசு, எதற்கு மசியும் என்பதையெல்லாம் ஒரு பார்வையில் சொல்லிவிடுகிற பெண்ணுக்கு அந்தத் தெருவில் கறையம்மா என்று பெயர். அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. அது வங்கிக்காரர்களுக்கு மட்டும் பயன்பட்டது.

அன்றைக்குக் கடை விடுமுறை. விளக்கின் அடியில் பெட்ஷீட்டுக்குப் பதிலாக மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான்.

"சட்டையைக் கழட்டுங்க மாப்பிள்ளை."

"போன மாசம்தானே அத்தை பாத்தீங்க?"

"போன மாசம் பாத்தது போன மாசத்து முதுகு. திரும்புங்க."

"கூச்சமா இருக்கு."

"என் கிட்னியே உங்க வயித்துக்குள்ள உக்காந்திருக்கு. முதுகைக் காட்ட என்ன கூச்சம்?"

அவன் சட்டையைக் கழற்றித் துணி மூட்டைமேல் போட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான். வெளியே மழை. ஒரு வாரமாகவே இப்படித்தான். காயப்போடும் அறையில் துணிகள் ஈரம் விடாமல் தொங்கி, கடை முழுக்க நனைந்த நாயின் வாசனை அடித்தது.

அவனுடைய சொந்தச் சிறுநீரகங்கள் இரண்டும் கல்யாணமான சில வருஷங்களிலேயே கைவிரித்துவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், குழாய் மாட்டிக்கொண்டு, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவான். "நம்ம கடையிலேயே அடிக்கடி சலவைக்குப் போற துணி நான்தான்" என்று அதையும் சிரிப்பாக்குவான். கறையம்மாவின் மகள், அவன் மனைவி, தன்னுடையதைக் கொடுக்க முன்வந்தாள். ரத்த வகை சேரவில்லை. அவனுடைய அண்ணன்கள் இருவரில் ஒருவருக்குத் திடீரென்று முதுகுவலி கண்டது. மற்றவருக்குப் போன் எடுக்கும் பழக்கம் விட்டுப்போனது. கடைசியில், சட்டைப் பையில் கசிந்த மையை எடுத்துக்கொண்டிருந்த கறையம்மா தலையை நிமிர்த்தாமலே, "எங்கிட்ட ரெண்டு இருக்கில்ல. ஒண்ணை எடுத்துக்கச் சொல்லு" என்றாள். அலமாரியில் இருக்கும் தம்ளரைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அதற்கு முன்னால் மாமியாரும் மாப்பிள்ளையும் அப்படியொன்றும் ஒட்டி உறவாடியவர்கள் அல்ல. சண்டை என்றும் சொல்லிவிட முடியாது. அவன் இயந்திரத்தை நம்புகிறவன், அவள் கையை நம்புகிறவள். அவன் சோப்பைக் கூட்டலாம் என்றால் அவள் தண்ணீரைக் கூட்டலாம் என்பாள். அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு முன்னால் சிறுநீரக டாக்டர் குடும்பத்தையே எதிரே உட்கார வைத்துப் பேசினார். குட்டையான, கலகலப்பான பெண்மணி. பேசும்போது மேசைமேல் இருக்கிற சாமான்களை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்.

"உங்க ரெண்டு பேருக்கும் சொந்தம் கல்யாணத்துல வந்தது. உடம்பு கல்யாணத்தையெல்லாம் மதிக்காது" என்றார். "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் மேல ஓர் அடையாளம் ஒட்டியிருக்கு. ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்கள் ஊரைச் சுத்தற மாதிரி சுத்தி வந்து அதைத் தடவித் தடவிப் பாக்கும். நம்ம ஆளுன்னா விட்டுடும். வெளியாள்னா அடிக்கும். உதவி பண்ண வந்திருக்கியா, கெடுக்க வந்திருக்கியான்னு கேக்காது."

கறையம்மா உடனே புரிந்துகொண்டாள். கடையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நூல் நிறம் உண்டு. காலருக்குள்ளே, மடிப்புக்கு அடியில் இரண்டு தையல். துவைத்து முடித்த மலையிலிருந்து துணியைப் பிரிக்கிறவர்கள் நிறத்தைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள்.

"அப்போ என் நூல் போட்ட துணி இவர் மூட்டையில கிடக்கப் போகுது" என்றாள்.

"அதேதான். பிரிக்கிறவன் கண்ணுல படாம இருக்கணும். அதுக்குத்தான் வாழ்நாள் பூரா மாத்திரை. அவனைக் கொஞ்சம் தூக்கக் கலக்கத்துலயே வெச்சிருக்கும்."

"நல்ல மாத்திரையா இருக்கே. நம்ம இஸ்திரிக்காரர் மாத்திரை இல்லாமலே அப்படித்தான் இருக்கார்" என்றான் மாப்பிள்ளை.

டாக்டர் சிரித்துவிட்டு, பேனா ஸ்டாண்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வைத்தார். "ஒரு கெடுதலும் இருக்கு. அவன் தூங்கினா கிருமி சுலபமா உள்ள வரும். அதைவிட, புத்துக்கட்டி. அது வெளியாள் இல்ல. நம்ம நூல் போட்ட நம்ம துணியே கெட்டுப்போறது. நல்லா முழிச்சிருக்கறவன் அதோட மாற்றத்தைக் கவனிச்சு, ஆரம்பத்துலயே தீர்த்துடுவான். அவனே சில சமயம் ஏமாறுவான். தூங்கறவன் எங்க பிடிக்கப் போறான்? அதனால தோலை மாசாமாசம் பாருங்க. வெயில் படற இடமெல்லாம் பாருங்க. புதுசா ஏதாவது தெரிஞ்சா உடனே வாங்க."

அப்படி வந்ததுதான் இந்த விளக்கடிப் பரிசோதனை. ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷமாகக் கறையம்மா ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. மாப்பிள்ளையின் முதுகில் எந்த மச்சம் எங்கே இருக்கிறது என்று மாப்பிள்ளையைப் பெற்றவளுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

கழுத்துக்கு வந்தாள். வலது காதை மடக்கினாள். மடக்கியவள் அப்படியே நின்றாள்.

"என்ன அத்தை, பேச்சே காணோம்?"

"ஆடாம இருங்க."

காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில், எள் அளவில் ஒரு சிவப்பு. அதன்மேல் செதில் மாதிரி ஒரு பொருக்கு. போன மாதம் அது அங்கே இல்லை. விளக்கை இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"கொசுக் கடியா?" என்றான்.

"கொசுக் கடி எனக்குத் தெரியாதா?"

"தேய்ச்சா போயிடுமா?"

"இது தேய்க்கக் கூடாத கறை" என்றாள் கறையம்மா. விளக்கை அணைக்கும்போது அவள் கை சுவிட்சைத் தேடியது.

*

தோல் டாக்டர் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வெட்டி எடுத்தார். காதுக்குப் பின்னால் நான்கு தையல். பரிசோதனையில் புற்று என்றுதான் வந்தது. ஆனால் தொடக்க நிலை, ஓரங்களில் மிச்சம் எதுவும் இல்லை, முழுசாக வந்துவிட்டது. நல்ல நேரத்தில் பார்த்தீர்கள் என்று சொல்லி அவர் சிறுநீரக டாக்டரிடம் அனுப்பினார்.

சிறுநீரக டாக்டரின் அறையில் நான்கு பேர் நின்றார்கள். மாப்பிள்ளை, மகள், கறையம்மா, அப்புறம் கடை வண்டியை ஓட்டிவந்த இஸ்திரிக்காரர். இஸ்திரிக்காரர் வண்டியிலேயே இருந்திருக்கலாம். ஆனால் குடும்ப விஷயம் எதிலும் அவர் வண்டியில் இருந்ததில்லை.

"மாத்திரையைக் கொஞ்சம் குறைக்கிறேன்" என்றார் டாக்டர். "ரத்தத்துல சுத்தற காவலாளி ஓரளவு முழிச்சுக்கட்டும். இந்த மாதிரி இன்னொண்ணு வந்தா அவனே பாத்துப்பான். ஓரளவுதான். நல்லா எழுப்பிட்டா அவன் கண்ணுல முதல்ல படறது கிட்னி. வேற மருந்து, சத்துப்பொடி எதுவும் என்னைக் கேக்காம தரக் கூடாது. புரிஞ்சுதா?"

மூன்று தலைகள் ஆடின. மாப்பிள்ளை தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கறையம்மா புரிந்துகொள்ளாமல் தலையாட்டவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, புரிந்ததில் ஒரு பாதி மட்டும் கூடவே படுத்துக்கொண்டது. காவலாளி முழித்திருந்தால் கட்டியைப் பிடிப்பான். அந்த எள்ளளவு சிவப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. அடுத்த மாதம் வருவதற்குள் விளக்கு படாத இடத்தில், உள்ளே எங்காவது, இன்னொன்று வந்துவிட்டால்? அதை எந்த மேசையில் போட்டுப் பார்ப்பது?

மூலை மருந்துக்கடையில் ஒரு டப்பா இருந்தது. அதன்மேல் ஓர் ஆள் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அடியில் பொடி எழுத்தில் பல செடிகளின் பெயர்கள். 'செடிதானே, இது எங்க மருந்தாகும்?' என்று கறையம்மா தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பையில் போட்டாள். புஜக்காரன் வெளியே தெரியாதபடி அவனைத் திருப்பி வைத்தாள்.

கடையில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோருக்கும் காய்கறி சூப் கொடுப்பது அவள் பழக்கம். மாப்பிள்ளையின் கிண்ணத்தில் ஒரு கரண்டி பொடியைக் கலந்தாள். அவன் ஒரு மடக்குக் குடித்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"என்ன அத்தை இது, வேற ருசியா இருக்கு?"

"உடம்புக்கு நல்லது. அவகிட்ட சொல்லாதீங்க. சும்மா குதிப்பா."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்தது என்று அவளுக்குப் பிற்பாடுதான் தோன்றியது. "சொல்லலை" என்று கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினான்.

மழை விடவில்லை. ஓட்டலில் ஏதோ பெரிய கூட்டம் என்று பெட்ஷீட்டுகளும் மேசை விரிப்புகளும் மலைமலையாக வந்தன. மகள் நிறம் பார்த்துப் பிரித்தாள். மாப்பிள்ளை இயந்திரங்களுக்குத் தீனி போட்டான். இஸ்திரிக்காரர் சூடான உருளைக்குள் பெட்ஷீட்டை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் வாங்கினார். கறையம்மா மேசை விரிப்புகளோடு மல்லுக்கு நின்றாள்.

கறை மேசைக்கென்று ஒரு சட்டம் உண்டு. யார் எந்தக் கறையில் எந்த மருந்தைப் போட்டாலும் அந்த இடத்தில் ஒரு மரக் கிளிப்பை மாட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். கிளிப் இருந்தால் அடுத்தவர் அதில் கை வைக்கக் கூடாது. ஒருமுறை அவள் ஒரு மருந்தைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் இஸ்திரிக்காரர் உதவி செய்கிறேன் என்று அதே இடத்தில் வேறொன்றைப் போட்டார். இரண்டும் சேர்ந்து விரிப்பில் ஒரு தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அன்றைக்கு அவரை அந்த ஓட்டைக்குள் தலையை விடச் சொல்லி, விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டே சாயங்காலம் வரை வேலை செய்ய வைத்தாள். அதிலிருந்து அந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை.

ஓட்டல் வேலை முடிகிற சமயத்தில் ஒரு காலை, மாப்பிள்ளை படியில் உட்கார்ந்து செருப்போடு போராடிக்கொண்டிருந்தான்.

"செருப்பு சுருங்கிடுச்சு அத்தை. மழையில நனைஞ்சதுன்னு நினைக்கிறேன்."

கறையம்மா குனிந்து பார்த்தாள். செருப்பு செருப்பாகத்தான் இருந்தது. பாதம்தான் ரொட்டி மாவு மாதிரி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விழுந்த குழி எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணுக்கு ஒழுங்காப் போறீங்களா?"

"அத்தை, இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவன் தெருவைப் பார்த்தான். "ரெண்டு நாளா கொஞ்சம் கம்மிதான்."

"டி" என்று மகளை ஒரே எழுத்தில் கூப்பிட்டாள் கறையம்மா. உருளை இயந்திரம் நின்றது. இஸ்திரிக்காரர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே வாசலில் இருந்தார்.

*

ரத்தம் எடுத்தார்கள். ஊசியால் சிறுநீரகத்திலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். சிறுநீரகம் வெளியேற்றாத கழிவைக் காட்டும் கிரியேட்டினின் என்கிற எண் இரண்டு மடங்காக ஏறியிருந்தது. டாக்டர் அறைக்குள் வந்தபோது முகத்தில் கலகலப்பு இல்லை.

"காவலாளி முழிச்சுட்டான். கிட்னியை அடிக்க ஆரம்பிச்சிருக்கான்" என்றார். "நான் குறைச்ச அளவுக்கு இவ்வளவு வேகமா நடந்திருக்கக் கூடாது. மாத்திரை ஒழுங்காப் போட்டாரா?"

"ஒரு வேளைகூட விடலை" என்றாள் மகள்.

"வேற ஏதாவது குடுத்தீங்களா?"

ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது. இஸ்திரிக்காரர் கையிலிருந்த குடை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கறையம்மா வாயைத் திறப்பதற்குள் அவர்தான் தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்ணு சொல்லலாங்களா… காலையில டீயில ஒரு மருந்து. சொட்டு மருந்து. என் மச்சான் விக்கறான். எதிர்ப்புச் சக்திக்கு நல்லதுன்னான். தம்பி நல்லா இருக்கட்டுமேன்னு…"

"அய்யோ அண்ணே" என்றாள் மகள். சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றாள். "நானும்தான் டாக்டர். ராத்திரி பால்ல ஒரு டானிக். பச்சையா இருக்கும்."

இருவரும் சேர்ந்தாற்போல் கறையம்மாவைப் பார்த்தார்கள்.

"சூப்புல" என்றாள் கறையம்மா.

டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, கட்டிலில் இருந்தவன் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியாமலே நடந்ததா இது?"

"தெரியும் டாக்டர்" என்றான் மாப்பிள்ளை. "மூணும் தெரியும். டீ காரமா இருந்துச்சு, சூப் கசந்துச்சு, பாலைப் பாத்தா பாசி பிடிச்ச குளம் மாதிரி இருந்துச்சு. ஒவ்வொருத்தரும் மத்தவங்ககிட்ட சொல்லாதேன்னாங்க. நானும் சொல்லலை."

"வேண்டாம்னு சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு?"

அவன் போர்வையின் ஓரத்தை மடித்தான். மடித்ததைப் பிரித்தான். "அவங்க ஏற்கெனவே ஒரு கிட்னியே குடுத்தவங்க டாக்டர். அவங்ககிட்ட போய் சூப் வேண்டாம்னு எப்படிச் சொல்றது? சூப்பைக் குடிச்சிட்டு டீயை வேண்டாம்னா இவர் மூஞ்சி விழுந்துடும். ரெண்டையும் குடிச்சிட்டுப் பொண்டாட்டி பாலை மட்டும் தள்ளினா வீட்ல இருக்க முடியுமா?"

டாக்டர் சிரிக்கக் கூடாது என்று முடிவு செய்தவர்போல வாயை இறுக்கிக்கொண்டார். அப்படியும் ஒரு ஓரம் நழுவிற்று.

"இதனாலதான் வந்ததுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். மாத்திரையைக் குறைச்சதுல வந்ததாவும் இருக்கலாம். ஆனா அந்த மூணையும் நாளைக்கு என் மேசைமேல கொண்டுவந்து வைங்க. இப்போ பெரிய மருந்து ஒண்ணு, சொட்டுசொட்டா மூணு நாள் ஏத்தப் போறோம். முழிச்சவனை அடிச்சுப் படுக்க வைக்கிற மருந்து."

"கிட்னி தப்பிச்சிடுமா?" என்று கேட்டாள் கறையம்மா.

"பெரும்பாலும் தப்பிக்கும். தப்பிக்காமலும் போயிருக்கு. பாக்கலாம். அதுவரைக்கும் தண்ணிகூட அளந்துதான்."

"மறுபடி தூங்க வெச்சா, அந்தக் கட்டி?" என்று கேட்டாள் மகள்.

"அதுதான் என் தலைவலி" என்று டாக்டர் எழுந்தார். "கட்டியை முழுசா எடுத்தாச்சு. அதனால முதல்ல கிட்னி. அப்புறம் மாத்திரையை மாத்திப் பாக்கறேன். கிட்னியையும் காப்பாத்தி, கட்டியையும் வளர விடாத வகை ஒண்ணு இருக்கு. தோலை நீங்க பாத்துக்கிட்டே இருங்கம்மா. அதை நிறுத்தாதீங்க. சூப்பை நிறுத்துங்க."

வெளியே நடைபாதையில் ஒரு நீள பெஞ்சு. தாயும் மகளும் அதில் உட்கார்ந்தார்கள். இஸ்திரிக்காரர் உட்காராமல் சுவரோரம் நின்றார். உட்காரும் தகுதி தனக்கு இப்போதைக்கு இல்லை என்று அவர் நினைத்திருக்கலாம்.

"நீதானேம்மா எல்லாருக்கும் கிளிப் மாட்டச் சொல்லிக் குடுத்தே" என்றாள் மகள்.

"நீ மாட்டினியா?"

"மனுஷன் வாயில எங்க மாட்டறது?"

கறையம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறாக மாறிவிட, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துணியில் ஒரு நூலளவு தப்பு நடந்தாலும் இஸ்திரிக்காரரை நாளெல்லாம் ஓட்டையில் தலை விட்டு நிற்க வைத்தவள் அவள். ஒரே உடம்பில், ஒரே நாளில், மூன்று பேர் மூன்று மருந்து. எதைப் பயந்தாளோ அதற்காகக் கலக்கினாள். எதைக் கொடுத்தாளோ அதையே அது கடிக்கிறது.

"போச்சுன்னா திரும்ப அந்த மெஷினு" என்றாள் மகள். "வாரத்துக்கு மூணு வாட்டி. சிரிச்சிக்கிட்டேதான் போவார். வந்து சுவத்தைப் பாத்துப் படுத்துக்குவார். உனக்குத் தெரியாது."

தெரியும். ஆனால் கறையம்மா தெரியும் என்று சொல்லவில்லை. "எங்கிட்ட இருந்தது ஒண்ணுதான் குடுக்கற மாதிரி. இன்னொண்ணைக் குடுத்துட்டா அந்த மெஷின்ல நான்தான் படுக்கணும்" என்றாள்.

"என்னுது இருக்குங்களே" என்றார் இஸ்திரிக்காரர், சுவரிடமிருந்து. "நான் தரேன்."

"உங்க கிட்னி டீயிலேயே ஊறினது அண்ணே. இவருக்குப் போட்டா உடம்பே பழுப்பாயிடும்" என்றாள் மகள். மூன்று பேரும் சிரித்தார்கள். வழியில் போன நர்ஸ் நின்று, ஆஸ்பத்திரி நடைபாதையில் இப்படிச் சிரிக்கிறவர்கள் யார் என்று பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்த பிறகு இஸ்திரிக்காரர், "நான் விளையாட்டுக்குச் சொல்லலை" என்றார்.

"தெரியும். உக்காருங்க" என்றாள் கறையம்மா, தள்ளி இடம் விட்டு.

சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்த நாட்களில் கடையை மூட முடியவில்லை. ஓட்டல்காரர்களுக்குப் பெட்ஷீட் வேண்டும், யார் வயிற்றில் என்ன நடந்தாலும். ஆள் மாற்றி ஆள் போய்வந்தார்கள். கறையம்மா கடைக்குப் போன அன்று மேசைமேல் ஒரு வெள்ளை விரிப்பு, நடுவில் பழச்சாற்றுக் கறை. சாதாரணமாக அவளுக்கு இரண்டு நிமிஷ வேலை. மருந்தைத் தொட்டு வைத்தாள், ஒற்றினாள். கொஞ்சம் மங்கியது. இன்னும் ஒரு சொட்டு விட்டால் என்ன என்று கை பாட்டிலுக்குப் போனது. போன கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கறை தானாக மங்கும்வரை மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. இடுப்பு வலித்தது.

*

மூன்றாவது நாள் சொட்டு முடிந்த மறுகாலை டாக்டர் வந்தார். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கறையம்மா அவர் கையைப் பார்த்தாள். கட்டில் ஓரத்து மேசையில் இருந்த பஞ்சு டப்பாவை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தது அந்தக் கை. நல்ல சகுனமாகப் பட்டது.

"இறங்கியிருக்கு" என்றார் டாக்டர். "பழைய இடத்துக்கு இன்னும் வரலை. கொஞ்சம் தழும்பு மிஞ்சும், முன்ன மாதிரி அவ்வளவு துடியா வேலை செய்யாம போகலாம். ஆனா வழிக்கு வந்துடுச்சு. காவலாளி படுத்துட்டான். கால் வீக்கம் குறைஞ்சிருக்கு பாருங்க. இனிமே தண்ணி குடிக்கலாம். நிறையவே குடிக்கலாம். எவ்வளவு வெளிய வருதுன்னு பாக்கணும்."

மேசைமேல் கூஜா இருந்தது. பக்கத்தில் தம்ளர் இருந்தது. யாரும் அசையவில்லை.

"குடுங்க" என்றார் டாக்டர்.

மகள் தாயைப் பார்த்தாள். இஸ்திரிக்காரர் தன் குடையைப் பார்த்தார். கறையம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே குடுத்துடுங்க டாக்டர்" என்றாள் மகள்.

"வெறும் தண்ணிம்மா."

"எல்லாரும் வெறும்னு நினைச்சுத்தான் குடுத்தோம்" என்றாள் கறையம்மா.

டாக்டர் இந்தத் தடவை சிரிப்பை அடக்கப் பார்க்கவே இல்லை. நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் ஊற்றிக் கொடுத்தார். மாப்பிள்ளை ஒரு தம்ளர் குடித்தான், இன்னொன்று குடித்தான். தண்ணீர் அவன் தொண்டையில் இறங்குவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இப்படிப் பாத்தா எப்படிக் குடிக்கிறது?" என்றான்.

"நாங்க எங்க பாக்கறோம்? நீங்க குடிங்க" என்றாள் கறையம்மா, கண்ணை எடுக்காமல்.

டாக்டர் போனார். நர்ஸும் போனார். மாப்பிள்ளை மேலும் குடித்தான். இஸ்திரிக்காரர் ஓட்டல் மேனேஜர் கோபித்துக்கொண்ட கதையைச் சொன்னார். யாரும் கேட்கவில்லை, அவர் உட்பட. மழை நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஈரமான தெருவில் ஒரு பஸ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. மகள் கணவனின் பாதத்தை ஒரு விரலால் அழுத்தினாள். குழி விழுந்து, மெதுவாக, யோசித்து யோசித்து எழுந்தது.

அப்புறம் அவன் போர்வையை விலக்கிக் காலைக் கீழே வைத்தான்.

"எங்க?" என்று மூன்று பேரும் சேர்ந்து கேட்டார்கள்.

"எங்கேயும் இல்லை. உள்ளதான்."

குழந்தையை நடத்துவதுபோல மகள் அவனைக் குளியலறை வாசல்வரை நடத்திக்கொண்டு போனாள். நர்ஸ் வைத்துவிட்டுப் போன அளவு ஜாடியைக் கையில் கொடுத்தாள். கதவு சாத்திக்கொண்டது.

மூன்று பேரும் கதவுக்கு வெளியே நின்றார்கள். மாமியார் நிற்கக் கூடாத இடம் அது. கறையம்மாவுக்கு அது தெரிந்தே இருந்தது. மரியாதைக்காக அவள் கதவைப் பார்க்காமல் மேலே கூரையைப் பார்த்தாள். இஸ்திரிக்காரர் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

உள்ளே சத்தம் எதுவும் இல்லை.

"போய் நேரமாச்சே" என்று கிசுகிசுத்தாள் மகள்.

"பேசாதே. நாம நிக்கிறது தெரிஞ்சா அவருக்கு வராது."

"எனக்கு நீங்க நிக்கிறது நல்லாத் தெரியுது அத்தை" என்றது உள்ளேயிருந்து குரல். "ஆறு கால் கதவுக்கு அடியில தெரியுது."

ஆறு கால்களும் ஓரடி பின்னால் போயின. மகள் தாயின் முழங்கையைப் பிடித்தாள். கறையம்மாவின் இடுப்பில், ஆபரேஷன் செய்த தழும்பு இழுத்தது. அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

முதலில் ஒரு சொட்டு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு இரண்டு மூன்று சொட்டு, தயங்கித் தயங்கி. அப்புறம் தகரத்தில் மழை பிடித்ததுபோல ஒரே சீராக, நிற்காமல், ஜாடியில் இரைந்து கொட்டத் தொடங்கியது. மகள் அப்படியே தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இஸ்திரிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டே தலையைத் தலையை ஆட்டினார், நல்ல பாட்டுக் கேட்பவர்போல.

கறையம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவை விரல் நுனியால் தட்டினாள்.

"மாப்பிள்ளை. கொஞ்சம் மெதுவா. பக்கத்து ரூம்ல ஆளுங்க இருக்காங்க."

"நான் என்ன பண்ணட்டும் அத்தை" என்றான் அவன். குரலில் சிரிப்பும் வேறெதுவோவும் கலந்திருந்தது. "நிறுத்த முடியலை."

"நிறுத்தாதீங்க" என்றாள் கறையம்மா. "நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க."